ரெண்டாம் நம்பர் கண்ட்ரோலர்

வாங்க தம்பி, வாங்க. கதவு திறந்துதான் கெடக்குது, தள்ளிட்டு வாங்க. நான்தான் எந்திரிச்சு வர முடியல, தப்பா நெனைச்சுக்காதீங்க. காந்திபுரத்துல இருந்து இத்தனை தூரம் பைக்குலயேவா வந்தீங்க? பழைய வீடியோ கேமெல்லாம் சரி பண்றதுக்கு உங்களை உட்டா வேற ஆளில்லைன்னு செல்போன் கடைக்காரர் சொன்னாருங்க, அதான் கூப்பிட்டேன். உக்காருங்க. இந்தச் சேரு என்ற ஊட்டுக்காரி உக்கார்றது, பரவாயில்ல, அதுலயே உக்காருங்க. அவ இல்ல. சோத்தை மூடி வெச்சுட்டு மத்தியானமே கோயிலுக்குன்னு போயிட்டா. கூட்டிட்டுப் போக நாலஞ்சு பொம்பளைங்க கேட்டுக்கு வந்தாங்க, அத்தனை பேரும் அவ கட்டியிருந்த அதே பச்சைச் சீலை. எங்கயோ தள்ளுபடி போட்டிருப்பானாட்டம் இருக்குது. அவ இருந்திருந்தா உங்களுக்குக் காப்பி வெச்சுக் குடுத்திருப்பா.

உங்களுக்கும் சோலி இருக்கும், எனக்குத் தெரியுமுங்க. சித்த நேரந்தான். ஆனா பிரிக்கறதுக்கு முன்னால இதோட சரித்திரத்தை நீங்க கேட்டுக்கோணும். நான் மில்லுல எலக்ட்ரீசியன் ஃபோர்மேனா இருந்தவனுங்க. நாச்சிமுத்துன்னா அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். மிஷின் நின்னு போச்சுன்னா நான் முதல்ல மிஷினைத் தொட மாட்டேன். பக்கத்துல நின்ன ஆளைத்தான் கேப்பேன். எப்ப நின்னுது, நிக்கறதுக்கு முன்னால என்ன சத்தம் வந்துது, யாரு தொட்டாங்கன்னு கேப்பேன். பாதிப் பழுது பேச்சுலயே பிடிபட்டுடும். அதனால நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறமாத் திருப்புளியை எடுங்க.

இதுதானுங்க அந்தப் பெட்டி. பையன் பள்ளிக்கூடம் போறப்ப வாங்கினது. அவன் இப்பக் கனடாவுல இருக்கறான், பெட்டி அட்டாலி மேல கெடந்துது. நான் ரிட்டையர் ஆன பொறவு சக்கரை முத்திப் போயி வலது கால் விரலையெல்லாம் எடுத்துட்டாங்க. பாருங்க, சாக்ஸ் போட்டு மறைச்சு வெச்சிருக்கறேன். டாக்டர் நடங்கன்னுதான் சொல்றாரு. குச்சி ஊனிட்டு நடக்கலாம், அது முடியும். ஆனா தம்பி, மில்லுல என்ற பூட்ஸ் சத்தம் கேட்டாலே அந்தப் பக்கம் பேச்சு நின்னு போகும். அப்படி நடந்த ஆளு இந்த வீதியில குச்சியைத் தட்டிட்டுப் போறதா? போகல. அன்னைக்கு உள்ள உக்காந்தவன்தானுங்க.

பகல் எப்படியோ போயிருது. பேப்பர் இருக்குது, தூக்கம் இருக்குது. பொழுதோட ஆனாத்தான் எனக்குப் பயம். வெளக்குப் போடற நேரத்துக்கு இந்தச் செவுரெல்லாம் ஒவ்வொரு அடியாக் கிட்ட வர்ற மாதிரி இருக்கும். யாராவது பக்கத்துல உக்காந்திருந்தாச் சரியாப் போயிரும். இதை நான் அவகிட்டக்கூடச் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க. ஃபோர்மேன் போயி இருட்டுக்குப் பயப்படறான்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

அப்பத்தான் இந்தப் பெட்டி ஞாபகம் வந்துது. ஜோதிமணியைத்தான் ஸ்டூல் போட்டு ஏறி எறக்கச் சொன்னேன். ஜோதிமணிங்கறது என்ற ஊட்டுக்காரி பேரு. தொடச்சு மாட்டினா புதுசாட்டவே ஓடுது. கேசட்டுல ஒரு டாங்கி ஆட்டம் இருக்குது. ரெண்டு பேருக்கு ரெண்டு டாங்கி. கீழ செங்கல் கட்டுன கோட்டை ஒண்ணு, மேல இருந்து எதிரி டாங்கி வந்துட்டே இருக்கும், கோட்டையைக் காப்பாத்தோணும். ஆறு மணியானா நாங்க ரெண்டு பேரும் உக்காந்துருவோம். ஒண்ணாம் நம்பர் கண்ட்ரோலர் எனக்கு, ரெண்டாம் நம்பர் அவளுக்கு.

உங்களுக்குத் தெரியாததில்ல, இந்தப் பெட்டிக்கு ஸ்டார்ட்டு பட்டன் ஒண்ணாம் நம்பர்ல மட்டுந்தான். ஆட்டத்தை ஆரம்பிக்கறதும் அதுதான், நடுவுல நிறுத்தி வெக்கறதும் அதுதான். ரெண்டாம் நம்பர்ல அந்த எடம் மொட்டையா இருக்கும். பொம்பளைக்கு எதுக்குங்க அந்தத் தொந்தரவு? நாமளே ஆரம்பிச்சு நாமளே நிறுத்திக்கலாம்னு அதை நான் வெச்சுக்கிட்டேன். நெம்ப சௌகரியமான ஏற்பாடு. அவ அதுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

சொன்னதில்லைன்னா, "ஏனுங் மாமா, சித்த நிறுத்துங்க, பால் பொங்குது"ம்பா. "நிறுத்துங்க, கேட்டுல யாரோ கூப்பிடறாங்க"ம்பா. அதெல்லாம் ஆட்டத்துல மனசு நிக்காததால வர்ற சாக்கு. இந்த ஸ்டேஜு முடியட்டும்னு சொல்லுவேன். ஒரு ஸ்டேஜு முடிஞ்சா இன்னொண்ணு தானா வந்துருதே தம்பி, அதுக்கு நான் என்ன பண்றது? பால்தான் ரெண்டொரு தரம் பொங்கிப் போச்சு.

நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்க, கோயில் மைதானத்துல பந்தல் போட்டிருக்குது. அங்கதான் வள்ளி கும்மி சொல்லிக் குடுக்கறாங்க. ஆம்பளை, பொம்பளை, கொழந்தைக எல்லாம் வட்டமா நின்னு கை தட்டிக் குதிக்கறாங்க, தெனமும் பொழுதோட அந்தப் பாட்டு இங்க வரைக்கும் கேக்கும். இவளும் ஒருக்கா ஆட்டத்துக்கு நடுவுல கேட்டா, "பக்கத்தூட்டு அக்காவெல்லாம் கும்மிக்குப் போறாங்க மாமா, நானும் போகட்டுங்களா?"ன்னு. நான் போகாதேன்னு சொல்லலீங்க. அந்த வார்த்தை என்ற வாயில வராது. "தாராளமாப் போ, இந்த ஸ்டேஜை முடிச்சுட்டுப் போ"ன்னு சொன்னேன். அன்னைக்கு அவ போகல. அப்புறம் கேக்கவும் இல்ல. அந்த ஆசை அதோட முடிஞ்சு போச்சு.

இப்பத்தானுங்க பழுதுக்கு வர்றேன். மொத மொதல்ல அவ டாங்கி எடது பக்கம் திரும்ப மாட்டேன்னுது. முதல்ல பிளக்கை மாத்திப் போட்டுப் பாத்தேன். ஆட்டத்தை ஆரம்பிச்சுட்டு, ரெண்டாம் நம்பரைப் புடுங்கி ஒண்ணாம் ஓட்டையில சொருகினேன். அங்கயும் எடது பக்கம் போகல. அப்பப் பெட்டி நல்லா இருக்குது, கோளாறு கண்ட்ரோலர்லதான்னு முடிவாச்சு. பிரிச்சேன். உள்ள பட்டனுக்கு அடியில கருப்பு ரப்பரு இருக்குதுங்களே, அது தேஞ்சு போயிருந்துது. அது கீழ இருக்கற செப்பு வட்டத்தைத் தொட்டாத்தானே கரண்டு போகும்? ஸ்பிரிட்டுப் போட்டுத் தொடச்சு, ரப்பர் மேல பென்சில் கரியைத் தேச்சு உட்டேன்.

ஜோதிமணிதான் டார்ச்சு புடிச்சா. அவளுக்கு இதுல அத்தனை ஆர்வம் இருக்கும்னு நான் நெனைக்கலீங்க. இது எதுக்கு, அது எதுக்கு, நடுவுல ஏதாச்சும் சிக்கிக்கிட்டா என்ன ஆகும், எந்த ஒயரு அறுந்தா என்ன நிக்கும்னு ஒண்ணு உடாமக் கேட்டா. நானும் சந்தோசமாச் சொன்னேன். மில்லுல அப்பரண்டிஸ் பையனுககூட அப்படிக் கேட்டதில்ல. கடைசியா, "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"ன்னா. பாத்துப் பண்ணோணும், ஒரு மணி ஒண்ணரை மணி ஆகும்னேன். "அப்ப நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்"னா. போயிட்டு வான்னு சொல்லிட்டு நான் வேலையப் பாத்தேன்.

அதுல இருந்து புடிச்சுது தம்பி சனியன்.

அடுத்து குண்டு போடற பட்டன் போச்சு. பிரிச்சா உள்ள ஒரு ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் கலரு. ரப்பருக்கும் செப்புக்கும் நடுவுல, அளவெடுத்து ஒட்டின மாதிரி உக்காந்திருக்குது. குனிஞ்சு வெளையாடறப்ப நெத்தியில இருந்து உழுந்து, பட்டன் சந்துல நுழைஞ்சு, நேரா அந்த எடத்துக்கே போயிருக்குது. எப்பேர்ப்பட்ட தற்செயல் பாருங்க. அவகிட்டக் காட்டினேன். "அய்யய்யோ"ன்னுட்டுத் திரும்ப வாங்கி நெத்தியில வெச்சுக்கிட்டா. பொட்டுலகூட சிக்கனம்.

அப்புறம் எறும்பு. கண்ட்ரோலருக்குள்ள எறும்புக் கூட்டம், அங்கங்க சக்கரை. எனக்காக இந்த ஊட்ல சக்கரையே பொழங்கறதில்லீங்க. ஒறம்பரை சனம் வந்தாக் காப்பியில போடறதுக்குன்னு மேல் தட்டுல ஒரே ஒரு டப்பா இருக்குது. அத்தனை உசரத்துல இருந்து எறும்பு தூக்கிட்டு வந்திருக்குது. அப்புறம் பிளக்குல ஒரு பின்னு வளைஞ்சிருந்துது. அது கூட்டறப்பத் தொடப்பம் பட்டிருக்கும். அப்புறம்தான் பெரிய கண்டம். ஒயருக்குள்ள ஒரு குண்டூசி. குறுக்கால ஏறி ரெண்டு கம்பியவும் சேர்த்துப் புடிச்சிருக்குது. வெளிய தெரியாத மாதிரி தலை நறுக்கியிருக்குது. மீட்டர் வெச்சு ஒயரை அங்குலம் அங்குலமாத் தடவித்தான் கண்டுபுடிச்சேன். கம்பெனியில செஞ்ச தப்பு. இத்தனை வருசம் உள்ளயே இருந்து என்னைக் காத்துட்டு இருந்திருக்குது.

இதுல ஒண்ணு கவனிங்க. ஒண்ணாம் நம்பருக்கு ஒரு நாளும் சீக்கு வந்ததில்ல. நான் பதனமா வெச்சிருக்கறேன். இன்னொண்ணு, வெள்ளிக்கெழமை மட்டும் ரெண்டாம் நம்பரும் நல்லா ஓடும். அன்னைக்குக் கும்மிக்காரங்களுக்கு லீவு, பாட்டுச் சத்தம் இருக்காது, ஊரே அமைதியாப் பொட்டாட்ட இருக்கும். வோல்டேஜும் அன்னைக்கு நல்லா இருக்கும்போல. மத்த நாள்ல ஆறு மணியானாச் செத்துப் போகுது. நான் பிரிச்சு உக்காருவேன், அவ கோயிலுக்குப் போயிட்டு வருவா. வர்றப்ப மூஞ்சியெல்லாம் வேர்த்து, மினுமினுன்னு வருவா. வந்து சுடுதண்ணியில காலை வெச்சுட்டு உக்காருவா. இந்த வயசுல கோயிலை அத்தனை சுத்துச் சுத்தினா வலிக்காம என்ன பண்ணும்? அடுப்படியில நின்னா சும்மா சும்மா கை தட்டுவா, கொசு அடிக்கறா. இந்த ஊட்ல கொசுத் தொல்லை நெம்ப ஜாஸ்தி.

உள்ளதைச் சொல்லோணும்னா, பழுது பாக்கற நாள்ல எனக்கு அந்தப் பயம் வர்றதில்லீங்க. கையில திருப்புளி இருந்தா செவுரு அங்கயேதான் நிக்குது. நிமிர்ந்து பாத்தா அவ வந்து சோறு போட்டுட்டு இருப்பா. இருந்தாலும் அது கணக்காகாதுங்களே. புருசன் பொஞ்சாதி சேர்ந்து உக்கார்றதுக்குத்தான இந்தப் பெட்டி? நான் பாக்காத பழுதா? இது மட்டும் என்னை ஏமாத்திட்டே இருக்குது. இதுக்கு ஒரேயடியா ஒரு முடிவு கட்டோணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். இன்னைக்கும் பாருங்க, காலையில சோதிச்சேன், எடது பக்கம் மறுபடியும் போச்சு.

பிரிங்க. ஸ்க்ரூவை இந்தத் தட்டத்துல போடுங்க.

என்னங்க தம்பி, என்னமோ எடுத்தீங்களே? தூசியா? தூசிக்கா அப்படிச் சிரிக்கறீங்க? சரி, உங்க தொழில்ல உங்களுக்கு ஆயிரம் இருக்கும். என்ன கேட்டீங்க? அம்மா எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போவாங்கன்னா? அதான் சொன்னனே, நான் இதைப் பிரிச்ச ஒடனே போவா. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

மூடிட்டீங்களா, அதுக்குள்ளயா? பிளக்கை மாத்திப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க, அது அப்பவே பாத்தாச்சு. ஆளை மாத்திப் பாத்தீங்களான்னா? ஆளையா? இல்லீங்க. அதுக்கு எனக்கு ரோசனை போகல. நான் ரெண்டாம் நம்பரைக் கையில வெச்சு ஒரு நாளும் ஆடினதில்ல. அவ சேர்ல உக்காரோணுமா? அந்த ஒயரு அங்கதான் எட்டும், ஆமா. கையக் குடுங்க. குச்சி அங்கயே இருக்கட்டும், ரெண்டு எட்டுத்தான். நீங்க என்ற சேர்ல உக்காருங்க. ம், ஆரம்பிங்க.

ஓடுதே தம்பி. எடது, வலது, மேல, கீழ, குண்டு, எல்லாமே ஓடுது. நெசமாவே ராசியான கையி. ஆனா இந்தச் சேர்ல இருந்து பாத்தா டிவி கோணலாத் தெரியுதுங்க. அவ ஒரு நாளும் சொல்லல. சன்னல்தான் நேரா இருக்குது. கோயில் பந்தல் லைட்டெல்லாம் இங்க இருந்தே தெரியுது பாருங்க.

போனுங்களா? பேசுங்க, பேசுங்க. நிறுத்தி வெச்சுட்டுப் போறீங்களா, சரி, போயிட்டு வாங்க.

தம்பி. பேசியாச்சுங்களா? இந்தப் பக்கம் டவர் கெடைக்காது, கேட்டுக்கு வெளிய போனாத்தான் கேக்கும்.

நான் ஆரம்பிச்சுட்டு இருக்கட்டுங்களா தம்பி? அட, இதுல ஸ்டார்ட்டு இல்ல, மறந்து போச்சு. ஒண்ணாம் நம்பரை டிவி மேசை மேலயா வெச்சுட்டுப் போனீங்க? எட்ட மாட்டேங்குது. குச்சியும் அந்தச் சேருக்கு அக்கட்டால கெடக்குது. பரவாயில்ல, நீங்க மெதுவா வாங்க.

தம்பி. இருக்கறீங்களா?

வந்துட்டீங்களா. ஒண்ணுமில்லீங்க, கூப்பிட்டுட்டே இருந்தேன். டாங்கி செவுத்துக்கு முன்னால நின்னு போச்சு. எதை அமுத்தினாலும் அசைய மாட்டேங்குது. அசையாதுன்னு தெரியும், இருந்தாலும் அமுத்திட்டே இருந்தேன். இத்துனூண்டு நேரத்துக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போச்சு பாருங்க. இன்னொருத்தர் மனசு வெச்சாத்தான் நாம நவுரலாம்ங்கறது ஒரு மாதிரியா இருக்குது. ஜோதிமணி பாவம், வாயாலதான கேட்டுட்டு இருந்தா.

நான் ஒரு முடிவு பண்ணிட்டேன் தம்பி. நாளையில இருந்து ஒண்ணாம் நம்பரை அவளுக்கே குடுத்துர்றேன். பால் பொங்கினா நிறுத்திக்கட்டும், ஆள் வந்தா நிறுத்திக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆறு மணிக்கு வந்து உக்காந்துட்டாப் போதும். அம்மாகிட்டக் கேட்டீங்களான்னா? என்னத்தைங்க கேக்கறது? கேட்டா சந்தோசந்தான் படுவா.

அது என்ன மைக்குல? இன்னைக்கு அரங்கேற்றமாமா. அதான் பாட்டு இத்தனை சத்தமா இருக்குது. ஆடறவங்க பேரை ஒவ்வொண்ணாக் கூப்பிடறாங்க, பேர் சொல்லி முடிக்கறதுக்கே விடிஞ்சு போயிரும். ஜோதிமணின்னாங்களா? எங்க ஊர்ல வீதிக்கு ஒரு ஜோதிமணி இருக்கறாங்க. உடுங்க, நீங்க ஆரம்பிங்க.

நாச்சிமுத்துன்னும் சொல்றாங்களே.

சித்தப் பொறுங்க. ஜோதிமணி நாச்சிமுத்து. மில்லு ஃபோர்மேன் நாச்சிமுத்து ஊட்டம்மான்னு மைக்குல சொல்றாங்க தம்பி. எல்லாரும் கை தட்டறாங்க. பச்சைச் சீலை.

அந்தக் கையில என்ன வெச்சிருக்கறீங்க? தூசின்னு சொன்னீங்களே, அதைக் காட்டுங்க.

மெரூன் கலருதான்.

அவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. கேட்டிருந்தா நான் என்ன, கட்டியா போட்டிருப்பேன்? ஒரே ஒரு வார்த்தை. கேட்டா. கேக்கத்தான் செஞ்சா.

வேண்டாம், அந்த ஸ்டார்ட்டை அமுத்தாதீங்க. அப்படியே நிக்கட்டும். சன்னலை மட்டும் நல்லாத் திறந்து உடுங்க. இங்க இருந்து ஆள் தெரியாது, எனக்குத் தெரியும். காலு போடற சத்தம் கேக்குதுங்களா? எல்லாரும் ஒண்ணாத்தான் போடறாங்க. அதுல ஒண்ணு அவளுது.

உங்க பைக்குலயா? இல்லீங்க, நான் வரல. அத்தனை சனத்துக்கு முன்னால குச்சியோட வந்து நிக்க எனக்குத் தெம்பு இல்ல. இன்னைக்கு இல்ல. நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க தம்பி. திருப்புளியை எடுத்து அதை மறுபடியும் பிரிங்க. அந்தப் பொட்டை எந்த எடத்துல இருந்து எடுத்தீங்களோ, அதே எடத்துல அளவா ஒட்டி மூடிட்டுப் போங்க. அவ வந்து கேட்டா, காந்திபுரத்துல இருந்து ஆள் வந்து பாத்தும் பழுது பிடிபடலைன்னு சொல்லிக்கறேன்.